சாவியை வீட்டில் வையுங்கள், கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள்

வேலைக்குக் காரை ஓட்டாமல் போய்வந்தால் என்ன மிச்சம்? ஒரு கணக்கும் ஒரு வழிகாட்டியும்

தினமும் வேலைக்குக் காரில் போகிறவரா நீங்கள்? அதுவும் தனியாகவா? ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஒருவர் மட்டும், பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பை. சென்னையின் எந்தச் சாலைச் சந்திப்பில் நின்று பார்த்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். சிக்னல் விழுந்தும் நகராத வரிசையில் இருக்கும்போது, "பேசாம ட்ரெயின்லயே போயிருக்கலாம்" என்று ஒருமுறையாவது நினைத்திருப்பீர்கள்.

அந்த நினைப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. காரை விற்றுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவசரத்துக்கு, வயதான அம்மா அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக, குடும்பத்தோடு ஊருக்குப் போக கார் தேவைதான். ஆனால், தினமும் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், ஒரே ஆள் போய்வருவதற்கு அது தேவையா என்பதுதான் கேள்வி. பஸ்ஸும் ரயிலும் மெட்ரோவும் எப்போது வரும், எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் இப்போது உங்கள் கைப்பேசியிலேயே தெரிந்துவிடுவதால், இந்தக் கேள்விக்கான விடையும் மாறிவிட்டது.

முதலில் பணக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். உங்கள் வீடு தாம்பரம், அலுவலகம் எழும்பூர். போக 25 கி.மீ., வர 25 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலை நாள்.

காரில் போனால்:

• மாதம் ஓடும் தூரம்: 50 × 22 = 1,100 கி.மீ.
• லிட்டருக்கு 15 கி.மீ. கிடைத்தால் தேவைப்படும் பெட்ரோல்: சுமார் 73 லிட்டர்
• லிட்டர் ரூ.100 என்று வைத்தால் செலவு: சுமார் ரூ.7,300

இது பெட்ரோலுக்கு மட்டும். ஏ.சி. போட்டு, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போகும்போது லிட்டருக்கு 15 கி.மீ. கிடைப்பதே பெரிய விஷயம். பார்க்கிங் கட்டணம், டயர் தேய்மானம், சர்வீஸ், பம்பரில் விழும் கீறல் எல்லாம் தனி.

மின்சார ரயிலில் போனால்:

• தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை வரை முழுத் தூரத்துக்கும் சாதாரண இரண்டாம் வகுப்புக் கட்டணமே ரூ.10தான். தினமும் டிக்கெட் எடுத்தாலும் மாதம் ரூ.440. சீசன் டிக்கெட் எடுத்தால் அதையும்விடக் குறைவு.
• வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் போக ரூ.20, திரும்பி வர ரூ.20 என்று வைத்தால் மாதம் ரூ.880.
• மொத்தம்: ரூ.1,320

வித்தியாசம் மாதம் கிட்டத்தட்ட ரூ.6,000. வருடத்துக்கு ரூ.72,000. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அல்லது மாதாமாதம் கட்டும் ஒரு ஆர்.டி.

பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் சுலபம். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ரூ.1,000 மாதப் பாஸ் வாங்கினால் ஏ.சி. அல்லாத பஸ்களில் அந்த மாதம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஏ.சி. பஸ்ஸிலும் போக வேண்டும் என்றால் ரூ.2,000 பாஸ் இருக்கிறது. மழையோ வெயிலோ, பெட்ரோல் விலை ஏறினாலும் இறங்கினாலும், மாதச் செலவு எவ்வளவு என்று ஒன்றாம் தேதியே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். "கார் ஏற்கெனவே வாங்கியாச்சு. காப்பீடும் தவணையும் எப்படியும் கட்டத்தானே வேண்டும்?" உண்மைதான். அதனால்தான் மேலே உள்ள கணக்கில் அவற்றைச் சேர்க்கவில்லை. ஆனால் வீட்டில் இரண்டாவது கார் வாங்கும் யோசனை இருந்தால், முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கையும் பாருங்கள்: ரூ.6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் ரூ.12,450. இதன் மேல் காப்பீடு, பெட்ரோல், பராமரிப்பு. கணவன், மனைவி இருவரில் ஒருவர் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ மாறினால் அந்த இரண்டாவது கார் வாங்கவே தேவையில்லை. காரை ஓட்டாமல் போவதில் கிடைக்கும் பெரிய மிச்சம் இதுதான்.

நேரம்: காரில் போனால் சீக்கிரமா?

பலர் காரை விடத் தயங்குவது பணத்துக்காக அல்ல, நேரத்துக்காக. இதையும் நேர்மையாகப் பார்ப்போம்.

தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் போய்விடும். வீட்டிலிருந்து நிலையம் போக 15 நிமிடம், ரயிலுக்குக் காத்திருக்க 10 நிமிடம், இறங்கி அலுவலகத்துக்கு நடக்க 10 நிமிடம் சேர்த்தால் ஒரு மணி இருபது நிமிடம். சாலை காலியாக இருக்கும் நாளில் காரில் இதைவிடச் சீக்கிரம் போகலாம். அதை மறுக்க முடியாது.

ஆனால் சாலை காலியாக இருக்கும் நாள் எத்தனை? திங்கட்கிழமை காலை, பள்ளி திறக்கும் நாள், மழை நாள், பண்டிகைக்கு முந்தின நாள், மெட்ரோ பணிக்காகப் பாதை மாற்றிய இடம் என்று பட்டியல் நீள்கிறது. காரில் கிளம்புகிறவர் ஒரு நாள் ஒரு மணி நேரத்தில் போவார், இன்னொரு நாள் இரண்டு மணி நேரம் ஆகும். எந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரியாததால் தினமும் முன்கூட்டியே கிளம்ப வேண்டியிருக்கிறது. ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் தனித்தடம் இருப்பதால் சாலை நெரிசல் அவற்றைத் தொடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஓட்டும் நேரம் உங்களுடையது அல்ல. கண், கை, கால் எல்லாம் சாலைக்குச் சொந்தம். ரயிலில் உட்கார்ந்திருக்கும் முக்கால் மணி நேரம் உங்களுடையது. போக 45, வர 45 நிமிடம் என்று 22 நாளுக்குக் கணக்கிட்டால் மாதம் 33 மணி நேரம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், புத்தகம் வாசிக்கிறவர்கள், வங்கி வேலையை முடிக்கிறவர்கள், கண்ணை மூடித் தூங்குகிறவர்கள் என்று ஒரு ரயில் பெட்டியில் எத்தனை விதமான ஆட்களைப் பார்க்கலாம்! ஸ்டியரிங் பிடித்திருப்பவரால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

உடம்புக்கு என்ன லாபம்?

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேகமாக நடப்பதும் இதில் சேரும். "வாக்கிங் போக நேரமே இல்லை" என்பது நாம் எல்லோரும் சொல்லும் பதில்.

இப்போது இதைக் கவனியுங்கள். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் 8 நிமிட நடை. இறங்கும் இடத்திலிருந்து அலுவலகம் 7 நிமிடம். போக 15, வர 15, ஆக ஒரு நாளைக்கு 30 நிமிடம். வாரத்தில் 5 நாள் என்றால் சரியாக 150 நிமிடம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம். நடையைக் கொஞ்சம் வேகமாக்கினால் போதும். மெட்ரோ நிலையத்தில் எஸ்கலேட்டரை விட்டுப் படியில் ஏறினால் இன்னும் நல்லது.

இது வெறும் அழகுக்கான பேச்சு அல்ல. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் கார் இருக்கையில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு, இந்த 30 நிமிட நடை ஒரு நல்ல தொடக்கம். முழங்கால் வலி, இதயக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உயிர் முக்கியம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 49 குடும்பங்களில் ஒருவர் வீடு திரும்பவில்லை.

வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குக் களைப்போடு காரை எடுக்கிறோம். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசுகிறது. அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. "ஒரு நிமிஷம்தானே" என்று எடுக்கிறோம். ஆபத்து அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸிலோ ரயிலிலோ இருந்தால் அதே போனை நிம்மதியாகப் பேசலாம். ஓட்டும் பொறுப்பைப் பயிற்சி பெற்ற ஓட்டுநரிடம் விட்டுவிட்டு நீங்கள் வீடு வந்து சேரலாம்.

ஊருக்கு என்ன லாபம்?

ஒரு பஸ்ஸில் சுமார் 50 பேர் போகலாம். அந்த 50 பேரும் ஆளுக்கொரு காரில் வந்தால்? 50 கார்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். இரண்டு பஸ் நிறுத்தங்களுக்கு இடையிலான தூரமே போதாமல் போகலாம். நெரிசலில் நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்கிறோம். உண்மையில், அந்த நெரிசலில் நாமும் ஒரு பங்கு. சைரன் அடித்தபடி நகர முடியாமல் நிற்கும் 108 ஆம்புலன்ஸுக்கு வழி கிடைப்பதும், சாலையில் எத்தனை வண்டிகள் குறைகின்றன என்பதைப் பொறுத்ததுதான்.

காற்றின் கணக்கும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். மேலே பார்த்த 73 லிட்டருக்கு மாதம் சுமார் 168 கிலோ. மின்சார ரயிலும் மெட்ரோவும் நாம் மூச்சு விடும் தெருவில் புகை விடுவதில்லை. 2025 ஜூன் 30 முதல் சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சார பஸ்களும் ஓடத் தொடங்கிவிட்டன.

மக்களும் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சென்னை மெட்ரோவில் 2023இல் 9.11 கோடிப் பயணங்கள். 2024இல் அது 10.52 கோடி ஆனது.

கைப்பேசியில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

முன்பெல்லாம் பஸ் எப்போது வரும் என்று நிறுத்தத்தில் நிற்பவரிடம்தான் கேட்க வேண்டும். சில்லறை இல்லையென்றால் கண்டக்டரிடம் திட்டு வாங்க வேண்டும். இப்போது அப்படி இல்லை.

1. சென்னை ஒன் செயலி

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் செயலி இது. 2025 செப்டம்பர் 22 அன்று தொடங்கப்பட்டது. கூகுள் பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இலவசமாகக் கிடைக்கும். தமிழிலும் பயன்படுத்தலாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

• உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை உள்ளிடுங்கள்.
• கிளம்பும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் தேர்வு செய்யுங்கள்.
• பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எதில் எப்படிப் போகலாம் என்று வழிகளைக் காட்டும். நேரத்தையும் கட்டணத்தையும் ஒப்பிட்டு உங்களுக்குச் சரியானதைத் தேர்ந்தெடுங்கள்.
• யுபிஐ மூலம் பணம் செலுத்தினால் க்யூஆர் டிக்கெட் கிடைக்கும். அதைக் காட்டிப் பயணம் செய்யலாம்.
• உங்கள் பஸ் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதையும் வரைபடத்தில் பார்க்கலாம். வீட்டை விட்டு எப்போது இறங்க வேண்டும் என்று முடிவு செய்ய இது ஒன்றே போதும்.

2. சிங்கார சென்னை அட்டை

2023 ஏப்ரலில் மெட்ரோவுக்காக அறிமுகமான தேசியப் பொதுப் பயண அட்டை இது. 2025 ஜனவரி முதல் மாநகர பஸ்களிலும் செல்லுபடியாகிறது. மெட்ரோ நிலையங்களில் வாங்கலாம். கைப்பேசியை அடிக்கடி வெளியே எடுக்க விரும்பாதவர்களுக்கும், வீட்டுப் பெரியவர்களுக்கும் இது வசதி. மெட்ரோ வாசலில் தட்டினால் கதவு திறக்கும். பஸ்ஸில் கண்டக்டரின் கருவியில் தட்டினால் டிக்கெட் வரும்.

3. வாட்ஸ்அப்பில் மெட்ரோ டிக்கெட்

புதிதாகச் செயலி எதுவும் வேண்டாம் என்பவர்கள் 83000 86000 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் 'ஹாய்' என்று அனுப்பினால் போதும். நிலையத்தைத் தேர்வு செய்து, பணம் செலுத்தி, டிக்கெட்டை வாங்கலாம். மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் ரூ.10, அதிகபட்சம் ரூ.50. க்யூஆர், அட்டை வழியாகப் பயணம் செய்தால் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. காலை 5 மணிக்குத் தொடங்கும் சேவை இரவு 11 மணி வரை இருக்கும்.

4. ரயில்ஒன் செயலி

புறநகர் ரயிலில் மட்டும் போகிறவர்களுக்கு ரயில்வேயின் ரயில்ஒன் செயலி போதும். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நிலையத்துக்கு வந்த பிறகு என்றால், அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் எடுக்க முடியும். "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று ஏறிவிட்டால் கட்டணத்தோடு குறைந்தது ரூ.250 அபராதம். மாதம் முழுக்கச் செய்யும் சிக்கனம் ஒரே நாளில் போய்விடும்!

எந்தச் செயலியாக இருந்தாலும் அதிகாரப்பூர்வ ஸ்டோரிலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். "பாஸ் புதுப்பிக்க இந்த லிங்கைத் தட்டுங்கள்" என்று தெரியாத எண்ணிலிருந்து வரும் குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

யாருக்கு என்ன சலுகை?

• மகளிர்: 2021 மே 8 முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வுப்படி, இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக ரூ.888 மிச்சமாகிறது. எல்லா பஸ்ஸிலும் இது பொருந்தாது என்பதால், ஏறும் முன் பஸ்ஸின் முகப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
• திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள், அவர்களின் துணையாளர்: அதே சாதாரணக் கட்டண பஸ்களில் கட்டணமில்லாப் பயணம் உண்டு.
• மூத்த குடிமக்கள்: சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகர பஸ்களில் பயணிக்க மாதம் 10 டோக்கன் இலவசம். ஆறு மாதத்துக்கானதை மொத்தமாகப் பணிமனைகளில் வாங்கிக்கொள்ளலாம்.
• மாணவர்கள்: பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லா பஸ் பாஸ், பள்ளி வழியாகவே கிடைக்கும்.

சக்கர நாற்காலியில் வருபவர்களும் படி ஏறச் சிரமப்படும் பெரியவர்களும் ஏறுவதற்கு வசதியாக, 2024 ஆகஸ்டு முதல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரைக்கு அருகில் வரும். கையில் குழந்தையோடு ஏறுபவர்களுக்கும் இது பெரிய உதவி.

"எல்லாம் சரி, ஆனா..."

"வீட்டிலிருந்து நிலையம் ரொம்ப தூரம்."
பலருக்கும் இதுதான் உண்மையான தடை. முழுத் தூரத்தையும் மாற்ற வேண்டாம், நீளமான பகுதியை மட்டும் மாற்றுங்கள். டூவீலரையோ சைக்கிளையோ மெட்ரோ நிலைய வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போகலாம். வீட்டில் யாராவது நிலையத்தில் இறக்கிவிடலாம். காரையேகூட நிலையம் வரை மட்டும் ஓட்டுங்கள், 25 கி.மீ. என்பது 3 கி.மீ. ஆகிவிடும்.

"இரண்டு மூன்று இடத்தில் மாற வேண்டும்."
மாறும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் கஷ்டம் குறையும். பரங்கிமலை, கிண்டி, எழும்பூர், சென்ட்ரல் ஆகிய இடங்களில் புறநகர் ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு நடந்தே மாறலாம். மெட்ரோவின் நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் சந்திக்கின்றன. 118.9 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோ முழுமையாக வந்தால் மாறும் இடங்கள் இன்னும் கூடும்.

"கூட்டம் தாங்க முடியாது."
காலை எட்டரை முதல் பத்து மணி வரை கூட்டம் அதிகம்தான். அலுவலகத்தில் பேசி அரை மணி நேரம் முன்னதாகவோ தாமதமாகவோ வர முடியுமா என்று கேளுங்கள். 30 நிமிட மாற்றம் பெரிய வித்தியாசத்தைத் தரும். கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரல் முதல் ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது. கட்டணம் அதிகம்தான்; ஆனாலும் காரோடு ஒப்பிட்டால் குறைவு.

"இரவில் தனியாக வர பயமாக இருக்கிறது."
மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் ஒரு பொத்தானைத் தொட்டால் இருக்கும் இடத்துடன் தகவல் போய்விடும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, ரயிலில் என்றால் 139. நிறுத்தத்திலிருந்து வீடு வரையிலான தெரு இருட்டாக இருந்தால் அன்றைக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆறாயிரம் மிச்சம் பிடிக்கிறவருக்கு அந்த அறுபது ரூபாய் பெரிதல்ல.

"மழை பெய்தால்?"
அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடையும், காய்ந்த ஒரு ஜோடி செருப்பும் பையில் இருக்கட்டும். தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் செயலியில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் காரை இறக்கி இன்ஜினைக் கெடுத்துக்கொள்வதைவிட நனைந்த செருப்பு மேல்.

"பஸ் நேரத்துக்கு வருவதே இல்லை. நடக்க நடைபாதையும் இல்லை."
இந்தக் குறையைச் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள், பதிவு செய்யுங்கள். தடம் எண், நிறுத்தம், நேரம், முடிந்தால் ஒரு படம். இந்த நான்கும் இருந்தால் புகாருக்கு வலு கூடும். முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். சென்னை மாநகராட்சி நடைபயணிகளுக்கும் சைக்கிள் ஓட்டிகளுக்குமான கொள்கையை 2014லேயே ஏற்றது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் திறந்த அகலமான நடைபாதையைப் பார்த்தவர்களுக்கு, இடம் கொடுத்தால் மக்கள் நடப்பார்கள் என்பது தெரியும். உங்கள் தெருவுக்கும் அது வர வேண்டும் என்றால் கேட்கிறவர்கள் வேண்டும்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு

கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி என்று எந்த ஊரில் இருந்தாலும் கணக்கு போடும் முறை ஒன்றுதான். மெட்ரோ இல்லாவிட்டாலும் நகரப் பேருந்து இருக்கிறது. மகளிர் கட்டணமில்லாப் பயணமும் மாநிலம் முழுவதற்கும் பொருந்தும். தூரமும் பெரும்பாலும் குறைவு. மூன்று நான்கு கிலோமீட்டரில் அலுவலகம் இருந்தால் சைக்கிள்தான் சரியான வண்டி. இருபது நிமிடத்தில் போய்விடலாம், பார்க்கிங் தேட வேண்டாம். பக்கத்து ஊரிலிருந்து தினமும் வருகிறவர்கள் பாசஞ்சர் ரயில் நேரத்தையும் சீசன் டிக்கெட்டையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பஸ்ஸே போகாத தொழிற்பேட்டையில் வேலை என்றால், நாலு பேர் நாலு காரில் போவதற்குப் பதில், ஒரு வாரம் ஒருவர் காரில் எல்லோரும் போகலாம். அந்த மூன்று கார்களின் செலவும் மிச்சம்.

ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள்

ஒரேயடியாக மாற வேண்டாம். அப்படி மாறியவர்கள் ஒரே வாரத்தில் பழைய வழிக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. இப்படிச் செய்யலாம்:

• முதல் வாரம்: விடுமுறை நாளில் ஒருமுறை ஒத்திகை போய்வாருங்கள். எங்கே ஏறுவது, எந்த வாசலில் இறங்குவது, எங்கே மாறுவது என்று பழகிக்கொள்ளுங்கள்.
• இரண்டாம் வாரம்: ஒரு நாள் மட்டும் கார் இல்லாமல். கூட்டம் குறைவான புதன் அல்லது வியாழனைத் தேர்ந்தெடுங்கள்.
• மூன்றாம் வாரம்: இரண்டு நாள். போன வாரம் எது சிரமமாக இருந்ததோ அதை மட்டும் மாற்றுங்கள்: கிளம்பும் நேரம், ஷேர் ஆட்டோ, பையின் எடை.
• நான்காம் வாரம்: மூன்று நாள். இப்போது பாஸ் அல்லது சீசன் டிக்கெட் லாபமா என்று கணக்குப் போடுங்கள்.

அந்த மாதம் முழுக்கக் கைப்பேசியின் குறிப்பேட்டில் மூன்றை மட்டும் எழுதி வையுங்கள்: செலவு, வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஆன நேரம், நடந்த நிமிடம். காரில் போன நாட்களுக்கும் இதையே எழுதுங்கள். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாரும் உங்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வழித்தடத்துக்கு எது சரி என்று உங்கள் கணக்கே சொல்லும்.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாறினாலும், மேலே பார்த்த தாம்பரம் கணக்கில் மாதம் சுமார் ரூ.2,400 மிச்சம், வாரத்துக்கு ஒரு மணி நேர நடை, மூன்று மணி நேரம் உங்கள் கையில். இன்றைக்கு இரவு தூங்கும் முன் சென்னை ஒன் செயலியில் உங்கள் வீட்டையும் அலுவலகத்தையும் போட்டுப் பாருங்கள். காலையில் எந்த பஸ், எந்த ரயில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.